ஓராண்டு உத்தியோகம்

உலகில் மக்கள் செய்யும் தொழில்களுள் மாதம் ஒன்றை எடுத்துச் சொல்லிவரும் இப்பகுதியில், கலங்கரை விளக்கக் காவலரைப் பற்றியும், ரயில் தபால் பெட்டியில் இரவெல்லாம் நின்றுகொண்டே கடிதம் பிரித்தவர்களைப் பற்றியும் முன்னர் எழுதியிருக்கிறேன். இம்மாதம் எடுத்துக்கொண்ட உத்தியோகம் நம்மிற் பலர் பெயர்கூடக் கேட்டிராத ஒன்று. ஒரு நாட்டு மாணவர்களுக்கெல்லாம் பொதுவாக அமைந்த ஒன்றியத்தில், அம்மாணவர்களின் நலத்தைக் கவனிப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து அமர்த்தப்படும் ஒருவரின் உத்தியோகம் அது. அவர் தாமே நேற்றுவரை மாணவராக இருந்தவர். வயது பெரும்பாலும் இருபத்தைந்துக்கு உட்பட்டே இருக்கும்.

இதை நான் தேடிப் போகவில்லை. இதுவே என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. எங்கள் பிரிவில் பணியாற்றும் மூத்த நண்பர் ஒருவரின் மகளுக்கு, அயர்லாந்து நாட்டின் தலைநகரமான டப்ளினில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒரு மாலை நண்பர் காகிதக் கட்டுடன் என் குடியிருப்புக்கு வந்தார். "தம்பி, நீ எழுத்து வேலைக்காரன். இதையெல்லாம் ஒரு தடவை பார்த்துக் கொடு" என்றார். சேர்க்கைக் கடிதம், வங்கிக் கடன் ஒப்புதல், காப்புறுதி எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. கடைசிக் காகிதம் தங்குமிடத்தைப் பற்றியது. ஒரு குடும்பத்தார் வசிக்கும் வீட்டில் ஓர் அறை. மாத வாடகை 800 யூரோ. முன்பணம் இன்னும் ஒரு 800. இந்த 1,600 யூரோவை மூன்று நாட்களுக்குள் அனுப்பிவிட வேண்டும். நம் பணத்தில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ரூபாய். நண்பர் தம் சேமநல நிதியிலிருந்து எடுத்து வைத்திருந்த பணம்.

டப்ளினைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் எதிர்த்தரப்பாரின் முகவரியையும் உரிமையையும் சரிபாராமல் பணத்துக்குக் கையெழுத்திடாதே என்பது எந்த அலுவலகத்திலும் முதற்பாடம். "அந்த ஊரில் இதை விசாரிக்க யாரேனும் இல்லையா?" என்று கேட்டேன். அந்தப் பெண் தன் கைப்பேசியில் தேடி, "மாமா, அயர்லாந்து மாணவர் ஒன்றியத்தில் நல அலுவலர் என்று ஒருவர் இருக்கிறாராம்" என்றாள். அன்றிரவே கடிதம் எழுதினோம். மறுநாள் மாலை பதில் வந்தது. அப்பதிலைப் பின்னர் சொல்கிறேன். அதை எழுதியவரின் உத்தியோகம் எத்தன்மையது என்பதை அறிய அன்றுமுதல் படித்துத் தெரிந்துகொண்டவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அயர்லாந்து சிறிய நாடு. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே மக்கள் தொகை 50 லட்சத்தைச் சற்றே தாண்டும். அந்நாட்டு மாணவர் ஒன்றியம் 1959-இல் நிறுவப்பட்டது. ஒவ்வொரு கல்லூரியிலும் தனித்தனியே மாணவர் சங்கம் உண்டு. அச்சங்கங்கள் ஒன்றுசேர்ந்தது தேசிய ஒன்றியம். சேர்வதும் விலகுவதும் மாணவர்களின் வாக்கைப் பொறுத்தது. டப்ளின் யூனிவர்சிட்டி காலேஜ் மாணவர்கள் 2013-இல் வாக்களித்து வெளியேறினார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட வட அயர்லாந்தின் மாணவர்களுக்காகப் பிரிட்டனின் தேசிய மாணவர் ஒன்றியமும் இவ்வொன்றியமும் 1972-இல் உடன்படிக்கை செய்துகொண்டு ஒரு பொது அமைப்பை ஏற்படுத்தின. வடக்கே தெருக்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. பெரியவர்களால் ஒரு மேஜையில் உட்கார முடியாத காலத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒன்றியத்தின் அலுவலர்களை ஆண்டுதோறும் வசந்த காலத்தில் கூடும் பேராளர் மாநாடு தேர்ந்தெடுக்கிறது. தலைவர் ஒருவர், அவருக்கடுத்துக் கல்வி, நலம், பிரசாரம் என்று துறைக்கு ஒருவராகத் துணைத் தலைவர்கள். நலத்துறைத் துணைத் தலைவரைத்தான் நாம் நல அலுவலர் என்கிறோம். வாக்குச் சீட்டில் வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசைப்படி குறிக்க வேண்டும். வேட்பாளர்களோடு 'மீண்டும் வேட்புமனு கோருக' என்னும் பெயரில்லா வேட்பாளர் ஒருவரும் எப்போதும் களத்தில் நிற்பார். அவர் வென்றுவிட்டால் நின்றவர் எவரும் வேண்டாம் என்று பொருள். தேர்தலை மறுபடி நடத்தவேண்டும். நம் மக்களவைத் தேர்தலில் 2014 முதல் 'நோட்டா' என்று ஒரு பொத்தான் உண்டு. ஆனால் அதில் எத்தனை வாக்கு விழுந்தாலும் வெற்றி தோல்வி மாறுவதில்லை. தனி ஒருவராகவே போட்டியிட்டாலும் 'வேறு ஆளைக் கொண்டு வா' என்று சொல்லத்தக்க வாக்கை எதிர்கொள்ள வேண்டும் என்பது வேட்பாளருக்கு நல்ல பயிற்சி. ரயில்வேத் தொழிற்சங்கங்களின் அங்கீகாரத்துக்காக 2007-இலும் 2013-இலும் 2024-இலும் இரகசிய வாக்கெடுப்பு நடந்தபோது இப்படி ஒரு கட்டம் சீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். இதற்கு மேல் எழுதினால் என் நண்பர்கள் இரு தரப்பிலும் கோபித்துக்கொள்வார்கள்.

வென்றவர் ஜூலை முதல் நாள் பொறுப்பேற்கிறார். படிப்பை முடித்தவராகவோ, ஓராண்டுக்கு நிறுத்திவைத்தவராகவோ இருப்பார். கல்லூரிச் சங்கங்கள் மாணவர் தலைக்கு இவ்வளவு என்று செலுத்தும் சந்தாவிலிருந்து அவருக்குச் சம்பளம். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் முடிந்தால் உத்தியோகமும் முடிந்தது. மறுபடி நின்று வென்றால் இன்னோர் ஆண்டு.

ஜூலையும் ஆகஸ்டும் பயிற்சிக் காலம். கல்லூரி தோறும் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நல அலுவலர்களைக் கூட்டி வைத்துத் தேசிய அலுவலர் வேலை கற்பிக்க வேண்டும். தாமே சென்ற ஆண்டு கற்றுக்கொண்டவர் இவ்வாண்டு ஆசிரியர். அழுதுகொண்டு வரும் மாணவனிடம் எப்படிப் பேசுவது. எதைத் தாமே கேட்டுத் தீர்ப்பது, எதை மருத்துவரிடமோ உளநல ஆலோசகரிடமோ ஒப்படைப்பது. கேட்டதை எவரிடமும் சொல்லாமல் காப்பது எப்படி, சொல்லியே ஆகவேண்டிய இடம் எது. இவற்றுள் கடினமானது இரண்டாவது என்று தோன்றுகிறது. இளவயதில் இரக்கம் மிகுதி. எல்லாவற்றையும் தாமே சுமக்கலாம் என்று தோன்றும். சுமக்கத் தொடங்கினால் நவம்பர் மாதத்துக்குள் அவரே படுத்துவிடுவார்.

மாணவனை நேரில் காண்பவர் கல்லூரி அலுவலர். தேசிய அலுவலர் அவருக்குப் பின்னால் இருப்பவர். ஒரே மாதிரி முறையீடு பத்துக் கல்லூரிகளிலிருந்து வந்தால், அது பத்து மாணவரின் துரதிர்ஷ்டமன்று, சட்டத்தில் உள்ள ஓட்டை என்று கண்டுகொள்வது இவருடைய வேலை. அதை எடுத்துக்கொண்டு அமைச்சகத்துக்கும், நாடாளுமன்றக் குழுவுக்கும், வானொலி நிலையத்துக்கும் போவதும் இவரே. இடையிடையே கார்க், கால்வே, வாட்டர்போர்ட், லெட்டர்கென்னி என்று ஊர் ஊராகப் பயணம். அந்நாட்டு இருப்புப் பாதையின் அகலம் 5 அடி 3 அங்குலம். நமது அகலப் பாதையைவிட 3 அங்குலம் குறைவு. ரயில்வேக்காரன் எழுதும் கட்டுரையில் இது ஒன்றாவது இருக்க வேண்டாமா?

செப்டம்பரில் கல்லூரி திறக்கும்போது முறையீடுகளில் முதலிடம் வீட்டுக்குத்தான். டப்ளினில் வாடகை வீடு கிடைப்பது அரிது. அறை இருக்கிறது என்று படம் காட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் மோசடிக்காரர்கள் அந்த நாட்களில்தான் கடை விரிக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளே அவர்களுக்கு எளிய இரை. நேரில் போய்ப் பார்க்க முடியாதவர்கள் அல்லவா?

உண்மையான அறைகளிலும் ஒரு வகை உண்டு. குடும்பத்தார் தம் வீட்டிலேயே ஓர் அறையை மாணவனுக்கு விடுவது. இதை அங்கே 'டிக்ஸ்' என்கிறார்கள். இப்படி விடுவோருக்கு ஆண்டுக்கு 14,000 யூரோ வரையில் வருமான வரி இல்லை என்று அரசாங்கம் சலுகை கொடுத்திருக்கிறது. நல்ல திட்டமே. ஆனால் 2004-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வாடகைக்காரருக்குக் கொடுத்த பாதுகாப்பு, வீட்டுக்காரரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கும் இம்மாணவனுக்கு இல்லை. சட்டத்தின் கண்ணில் அவன் குடியிருப்பவன் அல்லன். அனுமதி பெற்று வந்து தங்கியிருப்பவன். அடுக்களையை எப்போது தொடலாம், விருந்தினர் வரலாமா, எத்தனை நாள் முன்னறிவிப்பில் வெளியேற வேண்டும் என்பனவெல்லாம் வீட்டுக்காரர் விருப்பம். கல்லூரிகளும் தனியாரும் நடத்தும் மாணவர் விடுதிகளை அச்சட்டத்தின் பாதுகாப்புக்குள் 2019-இல் கொண்டுவந்தார்கள். டிக்ஸை அப்போதும் வெளியிலேயே விட்டுவிட்டார்கள்.

அடுத்த முறையீடு பணம். அந்நாட்டில் பட்டப்படிப்புக் கட்டணத்தை 1996-இல் நீக்கினார்கள். ஆனால் வேறு பெயரில் ஒரு தொகை மெல்ல வளர்ந்து வந்தது. 2011-இல் 2,000 யூரோவாக இருந்தது, ஆண்டுக்கு 250 வீதம் ஏறி, 2015-இல் 3,000 ஆயிற்று. 2022 முதல் அதைக் குறைத்து வருகிறார்கள். ஏழை மாணவர்களுக்கு அரசாங்க உதவித்தொகை உண்டு. முன்னர் நாடெங்கும் 66 உள்ளூர் அலுவலகங்கள் அதை வழங்கி வந்தன. 2012-இல் அவ்வளவையும் ஒரே மைய அலுவலகமாக்கினார்கள். எங்கள் இலாகாவில் கணிப்பொறி புகுந்த முதல் ஆண்டைக் கண்டவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. விண்ணப்பங்கள் மலையாய்க் குவிந்தன. 'இந்தச் சான்று போதாது, மறுபடி அனுப்புக' என்று கடிதங்கள் போயின. கிறிஸ்துமஸ் நெருங்கியும் பணம் வராதோர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். உதவித்தொகை வரவில்லையென்றால் வாடகை இல்லை, பேருந்துக் கட்டணம் இல்லை. எந்தக் காகிதம் எந்த வடிவில் போனால் திரும்பி வராது என்று கண்டறிந்து, எல்லாக் கல்லூரிக்கும் எழுதுவதே அந்த ஆண்டு நல அலுவலரின் வேலையாயிற்று. இதை எழுத்தர் வேலை என்று நாம் இகழலாகாது. நானே எழுத்தன் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை.

இனிச் சொல்லப்போவது நம் இல்லங்களில் உரக்கப் பேசும் விஷயமன்று. எழுதலாமா என்று தயங்கினேன். விட்டுவிட்டால் இவ்வுத்தியோகத்தில் அடங்கிய அபாயம் விளங்காது என்பதால் எழுதுகிறேன்.

1983-இல் அயர்லாந்து மக்கள் வாக்களித்து, கருவிலுள்ள உயிருக்குத் தாயின் உயிருக்குச் சமமான உரிமையை அரசியல் சாசனத்தில் சேர்த்தார்கள். கருச்சிதைவு செய்துகொள்ள நேர்ந்த பெண்கள் கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போனார்கள். அவ்வாறு போவோருக்கு அங்குள்ள மருத்துவ நிலையங்களின் முகவரியைச் சொல்லி உதவுவதும் சாசனத்துக்கு மாறானது என்று 1988-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறிற்று. மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் அச்சிட்டு வழங்கும் கைந்நூல்களிலோ அம்முகவரிகள் இருந்தன. 1989-இல், கருவிலுள்ள குழந்தைகளைப் பாதுகாக்க அமைந்த சங்கம் ஒன்று, ஸ்டீபன் குரோகன் என்னும் மாணவர் தலைவர் மீதும் மேலும் 14 மாணவர் சங்க அலுவலர்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. தேசிய ஒன்றியத்தின் அலுவலர்களும் பிரதிவாதிகளில் அடங்குவர். நீதிமன்றத் தடையை மீறினால் சிறை. மாணவர் தரப்பில் வாதாடியவர்களுள் ஒருவர் மேரி ராபின்சன் அம்மையார். அடுத்த ஆண்டே அந்நாட்டின் முதல் பெண் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

வழக்கு லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயிற்று. 1991-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் அங்கே தீர்ப்பு வந்தது. ஒரு நாட்டில் சட்டப்படி நடக்கும் கருச்சிதைவு ஐரோப்பிய ஒப்பந்தத்தின்படி ஒரு சேவையே. ஆனால் இம்மாணவர் சங்கங்களுக்கு அம்மருத்துவ நிலையங்களோடு வாணிபத் தொடர்பு ஏதும் இல்லை. ஆகையால் சேவையைக் காக்கும் ஐரோப்பியச் சட்டம் இவர்களுக்குத் துணைவராது என்றது தீர்ப்பு. காசு வாங்கிக்கொண்டு விளம்பரம் செய்திருந்தால் ஒருவேளை பாதுகாப்புக் கிடைத்திருக்கும். சும்மா சொன்னதால் தோற்றார்கள். சட்டத்தின் போக்கு சில வேளைகளில் இப்படியும் இருக்கிறது.

1992 நவம்பரில் மக்கள் மறுபடி வாக்களித்து, பிற நாட்டில் சட்டப்படி கிடைக்கும் சேவையைப் பற்றிய தகவலைப் பெறும் உரிமையைச் சாசனத்தில் சேர்த்தனர். 1995-இல் அதற்கெனச் சட்டம் வந்தது. மாணவர்கள் மீதிருந்த தடையை உச்ச நீதிமன்றம் 1997-இல்தான் நீக்கிற்று. வழக்கில் நின்ற இளைஞர்கள் பதவியைவிட்டுப் போய் அதற்குள் எத்தனையோ ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர்களுக்குப் பின் வந்தவர்களும், அவர்களுக்கும் பின் வந்தவர்களும் அந்த வழக்கைச் சுமந்தார்கள்.

நம் நாட்டுப் பெண் ஒருத்தியின் பெயரும் இந்த வரலாற்றில் வருகிறது. கர்நாடகத்துப் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், கால்வே நகரில் கணவரோடு வாழ்ந்தவர், 2012-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் காலமானார். வயது 31. கரு தங்காது என்று தெரிந்த பின்னர் அவர் வேண்டிய சிகிச்சை மறுக்கப்பட்டது. குருதியில் நஞ்சேறி உயிர் போயிற்று. 2018 மே 25-ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில், 1983-இல் சேர்த்த பிரிவை நீக்க 66 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் வாக்களித்தார்கள். மாணவர் ஒன்றியம் நீக்கும் பக்கம் நின்று உழைத்தது. இதில் நியாயம் எப்பக்கம் என்று நேயர்கள் தத்தம் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ளலாம். நம் சங்கத்திலேயே இரு கருத்து உடையவர்கள் உண்டு. முகவரியை அச்சிட்டதற்காகச் சிறை வாசலில் நின்ற அந்தப் பிள்ளைகளை மட்டும் நான் மறக்க முடியவில்லை. ஓராண்டுப் பதவிக்கு அது பெரிய விலை.

நல அலுவலர் என்னும் பெயர் நமக்கும் புதியதன்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அலுவலரை நியமிக்க வேண்டும் என்றது. அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் முதலாளி. அயர்லாந்து அலுவலரையோ, யாருக்கு ஊழியம் செய்கிறாரோ அவர்களே தேர்ந்தெடுத்து, அவர்களே சம்பளமும் கொடுக்கிறார்கள். ரயில்வேயில் வெல்பேர் இன்ஸ்பெக்டர்கள் இருக்கிறார்கள். பணியிலிருக்கும்போதே ஊழியர் இறந்துவிட்டால் வீடு தேடி வந்து, குடும்ப ஓய்வூதியத்துக்கும், சேமநல நிதிக்கும், கருணை அடிப்படையில் வேலைக்கும் வேண்டிய காகிதங்களைச் சேகரிப்பவர்கள்.

எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். என் தந்தை சரக்குப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பணிமனையில் பிட்டர். நான் மெட்ரிக் தேறிய செய்தி வந்த பத்தாம் நாள் மாரடைப்பால் போய்விட்டார். காரியங்களுக்காகத் திருச்சிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குப் போய், ஒரு மாதம் கழித்துத் திரும்பினோம். திரும்பிய வாரத்தில் அந்த இன்ஸ்பெக்டர் வந்தார். மராத்தியர், ஐம்பது வயதிருக்கும். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, ஒவ்வொரு காகிதமாக எடுத்து, எங்கே கையெழுத்திட வேண்டும் என்று அம்மாவுக்கு விரலால் காட்டினார். அம்மாவுக்குத் தமிழ் ஒன்றே தெரியும். அம்மா தமிழில் இட்ட கையெழுத்தின் கீழே அவர் இந்தியில் சான்று எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பி, மதிப்பெண் என்ன என்று கேட்டார். சான்றிதழைக் கொடுத்தேன். கணக்கில் 88. "பாலிடெக்னிக்குக்கு மனுப் போட்டாயா?" என்றார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஊழியர் நல நிதியிலிருந்து அதற்குப் படிப்புதவி கிடைக்கும் என்பதும் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்களாம். நாங்கள் ஊரில் இருந்தோம். இங்கேயே இருந்திருந்தாலும் அம்மா அதைப் படித்திருக்க முடியாது. இன்ஸ்பெக்டர் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். கடைசித் தேதி கடந்து ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அடுத்த காகிதத்தை எடுத்தார்.

பதினெட்டு வயது நிரம்பியதும் கலாசியாகச் சேர்ந்தேன். பின்னர் இலாகாத் தேர்வு எழுதி எழுத்தனானேன். அந்த வேலைதான் என் தாயையும் தங்கையையும் காத்தது, குறை சொல்லமாட்டேன். யார் மீதும் பிழையில்லை. ஆனாலும் நாட்காட்டியைப் பார்க்கும்போது சில வேளை அந்த ஒன்பது நாட்கள் நினைவுக்கு வரும்.

ஆகையால்தான் ஓராண்டு உத்தியோகம் என்பதை முதலில் கேட்டபோது எனக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் எந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று அறியவே ஓராண்டு ஆகும். சட்டமும் சுற்றறிக்கையும் மனப்பாடமாக இருபது ஆண்டுகள் வேண்டும். வேலையைக் கற்றுக்கொண்ட மாதமே வெளியேற வேண்டுமென்றால் யாருக்கு என்ன பயன்? அமைச்சகத்து அதிகாரிகளுக்கும் இது தெரியும். 'ஆகட்டும், பரிசீலிக்கிறோம்' என்று ஜூன் வரையில் தள்ளிவிட்டால், ஜூலையில் புதிய முகம் வந்து முதலிலிருந்து தொடங்கும். இது அம்முறையின் பெருங்குறை என்பதில் எனக்கு இப்போதும் ஐயமில்லை.

மறுபக்கமும் உண்டு. இருபது ஆண்டு இருந்தவனுக்கு ஒவ்வொரு விண்ணப்பமும் இன்னொரு விண்ணப்பம். என்னையே சொல்கிறேன்: விதவைத் தாய்மார் என் மேஜைக்கு முன் நிற்கும்போது, சில நாட்களில் நான் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். சென்ற ஆண்டு தானே அறை தேடி அலைந்த ஒரு பெண், இவ்வாண்டு அறை தேடும் பெண்ணின் கடிதத்தைப் படிக்கும்போது அப்படி நடக்காது போலும். அவள் கேட்கும் கேள்வி வேறு மாதிரி இருக்கிறது.

அந்தப் பதிலுக்கு வருகிறேன். மூன்று கேள்விகள் இருந்தன. அறையை உங்களுக்குத் தெரிந்தவர் எவரேனும் நேரில் பார்த்தாரா? பார்க்கும் வரையில் பணம் அனுப்ப வேண்டாம். நிபந்தனைகளை எழுத்தில் கேட்டு வாங்கினீர்களா? மூன்றாவது, சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அந்த வீட்டில் தங்கலாமா?

மூன்றாவது கேள்வி எங்களுக்கு விளங்கவில்லை. வாடகை கொடுத்தவர் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவார்? ஆயினும் அப்படியே வீட்டுக்காரருக்கு எழுதிக் கேட்டோம். அவர் உடனே பதில் எழுதினார். நேர்மையான மனிதர், மோசடி ஏதுமில்லை. அறை திங்கள் முதல் வெள்ளி வரைக்கு மட்டுமே. வெள்ளி மாலை மாணவர்கள் தத்தம் ஊருக்குப் போய்விடுவது வழக்கம் என்றார். 'ஐந்து நாள் டிக்ஸ்' என்று அதற்குப் பெயராம். கார்க்கிலிருந்தும் கால்வேயிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு அது சரி. வெள்ளி மாலை ரயிலேறினால் இரவு அம்மா கையால் சாப்பாடு.

"சனி ஞாயிறு என் பெண் எங்கேப்பா போவாள்?" என்றார் நண்பர். அண்ணி உள்ளேயிருந்து, "ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமிலா?" என்றார்கள்.

பணம் போகவில்லை. தேசிய அலுவலர் எங்கள் கடிதத்தின் நகலை அந்தக் கல்லூரியின் நல அலுவலருக்கும் அனுப்பியிருந்தார். அவர் எழுதி, கல்லூரி விடுதியின் காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொன்னார். முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு தற்காலிக விடுதியின் முகவரியும் தந்தார். அதோடு சில குறிப்புகள்: விதிப்படி குடியேற்ற அலுவலகத்தில் பதிந்துகொள்ள 300 யூரோ தனியே வைத்துக்கொள்ளுங்கள்; கல்லூரி நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யாதீர்கள், கடைக்காரர் வற்புறுத்தினாலும். பட்டியலில் பெயர் இப்போது 41-ஆவது இடத்தில் நிற்கிறது. காத்திருப்போர் பட்டியல் ரயில்வேக்காரர்களாகிய எங்களுக்குப் புதிதா? "ஆர்.ஏ.சி.யாவது ஆகிவிடும் அண்ணா" என்று நண்பரைத் தேற்றியிருக்கிறேன். பெண் செப்டம்பர் 3-ஆம் தேதி புறப்படுகிறாள்.

தேசிய அலுவலரின் கடிதத்தில் கடைசி வரி இது: இப்பதவியில் அடுத்த ஜூன் 30 வரையில் நான் இருப்பேன், அதன் பிறகும் இதே முகவரிக்கு எழுதுங்கள், வேறொருவர் படிப்பார்.

அந்த முகவரியைப் பெண் தன் கைப்பேசியில் பதிந்துகொண்டாள். அண்ணி ஒரு துண்டுத் தாளைக் கொண்டுவந்து, தமிழில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். "மின்னஞ்சல் முகவரியைத் தமிழில் எழுதினால் கடிதம் போய்ச் சேராதே அண்ணி" என்றேன்.

"போய்ச் சேராவிட்டால் போகிறது தம்பி. அங்கே யாரைக் கேட்க வேண்டும் என்று எனக்குப் படிக்கத் தெரிய வேண்டாமா?" என்றார்கள்.

எழுதிக் கொடுத்தேன். பூஜை அலமாரியில் விபூதிக் கிண்ணத்தின் கீழே வைத்திருக்கிறார்கள்.